ஜெர்மன் படிக்காளாம்

எங்கள் பேச்சில் ஒரு சின்ன வால் உண்டு: ‘ஆம்’. வினைச்சொல்லின் பின்னால் அதை ஒட்டிவிட்டால் போதும், சொன்னவர் கை கழுவிக்கொள்ளலாம். வந்தான் என்றால் நான் பார்த்தேன் என்று பொருள். வந்தானாம் என்றால் யாரோ சொன்னார்கள், எனக்கென்ன வந்தது. தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் இது இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் நாங்கள் கொஞ்சம் தாராளமாகவே புழங்குவோம்.

ஒரு மூன்று வருஷம் பாளையங்கோட்டையில் என்னைப் பற்றிப் புழங்கிய வாக்கியம் இதுதான்: “ஜெர்மன் படிக்காளாம்.” மற்ற ஊர்க்காரர்களின் ‘படிக்கிறாள்’ எங்கள் வாயில் ‘படிக்கா’.

கல்லூரியில் ஆசிரியர் அறையில் சொன்னார்கள். தெருமுனை இஸ்திரிக் கடையில் சொன்னார்கள். நான் இருக்கும்போதே சொன்னார்கள், அதுவும் அந்த ‘ஆம்’மை நன்றாக இழுத்து. அதற்கெல்லாம் நான் அசரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி தேடிக்கொண்டு அலைகிற ஆள் நானில்லை. ஆனால் ஒருநாள் அடுத்த அறையில் உரக்க ஜெர்மன் வினைச்சொல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா, ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “என்னமோ ஜெர்மன் படிக்காளாம்க்கா” என்றாள். என் குரல் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கையில் எனக்குப் போட்ட தேநீர். அப்படியும் ‘ஆம்’. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வலித்தது என்றே சொல்லலாம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூனிலும் போய், இந்த வருஷமும் வேலை உண்டா என்று கேட்டு நிற்கவேண்டும். பிறந்தது ஆழ்வார்குறிச்சி. ஒன்றாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை தமிழ் வழிப் படிப்பு. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றியும் ஊரில் நிறைய ‘ஆம்’கள் உண்டு, அவை இந்தக் கதைக்கு வேண்டாம்.

என் முனைவர் பட்ட ஆய்வும் இந்த வாலைப் பற்றியதுதான். காதால் கேட்டதை நெல்லைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம் என்பது தலைப்பு. அது பாதியில் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் ஜெர்மனியில் தென்னிந்திய மொழிகளை ஆராயும் ஒரு துறை, ஒரு வருஷ ஆய்வு இடத்துக்கு வருஷந்தோறும் ஆள் எடுப்பது தெரிந்தது. கிடைத்தால் ஆய்வை முடிக்கலாம். முடித்தால் ஜூன் மாதப் பிச்சை நிற்கலாம். ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ மேல்நிலைத் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். இரண்டில் எது வேண்டுமானாலும்.

“இங்கிலீஷையே கொஞ்சம் தூசி தட்டிக்கோம்மா” என்றார் துறைத்தலைவர். “ஜெர்மன்லாம் எதுக்கு? நீ சொன்ன அந்த ஜெர்மன் கட்டுரைக்கு இங்கிலீஷ்ல ஒரு பக்கச் சுருக்கம் போட்டிருக்கான்லா, அது போதும். மிச்சத்த போன்ல போட்டோ புடிச்சா அதுவே மொழிபெயர்த்துத் தருது.”

“தமிழ் ஆராய வந்த வெள்ளக்காரன் சுருக்கத்தப் படிச்சிட்டு வந்தா நீங்க விடுவீங்களா சார்?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

அவர் சொன்ன கட்டுரைதான் என்னைக் கிளப்பிவிட்டது. எழுதியவர் அந்தத் துறையின் பேராசிரியை. தமிழ் நன்றாகத் தெரிந்தவர். ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தார்: ‘ஆம்’ என்ற ஒட்டு, சொல்கிறவரின் சந்தேகத்தைக் காட்டுகிறது.

சந்தேகமா? என் அப்பா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்தபோது எங்களோடு ஆழ்வார்குறிச்சி வீட்டில் இருந்தவர் சித்தப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, வாசலில் நின்றவர்களிடம் திரும்பி, “அண்ணன் போயிட்டாராம்” என்றார். முகமெல்லாம் கண்ணீர். சந்தேகப்படுகிறவன் அப்படி அழுவானா? அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. அந்த நேரத்தில் அவர் அண்ணன் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் அந்த வால் சொன்னது. அந்தச் சொல்லை ஒருவர் சந்தேகம் என்று எழுதி, உலகம் அதைச் சுருக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறது. முழுக் கட்டுரையையும் அவர் எழுதிய மொழியிலேயே படித்து, அதே மொழியில் இல்லை என்று சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆங்கிலம் ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆங்கிலத்தில் நான் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் என் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அப்பா என்ன சம்பளம் வாங்கினார் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிடும். ஜெர்மனில் நான் தப்பு விட்டால் அது வெறும் தப்பு. அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருந்தது.

வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில் வகுப்பு. அடிப்படை நிலைகளையும் அங்கேதான் முடித்தேன், அதற்கே இரண்டு வருஷம் போனது. அந்த வகுப்புகளில் செவிலியர் படிப்பு முடித்து ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். மேல்நிலை வகுப்புக்கு வந்தபோது எங்களில் நாலு பேர்தான் மிச்சம். கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் இரண்டு இன்ஜினியர்கள், மருத்துவம் முடித்த ஒரு பெண், பிறகு நான். இந்த வகுப்பின் ஆசிரியர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். உவரிக் கடற்கரைக்காரர். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊருக்குத் திரும்பியவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். இது ஆங்கிலத்தில் இப்படி, ஜெர்மனில் அப்படி என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். முதல்நாளே கையைத் தூக்கினேன். “தமிழ்ல சொல்லுங்க தம்பி. எனக்கு ஒரு மொழி தெரியணும்னா எதுக்கு ரெண்டு மொழி கடக்கணும்?”

இன்ஜினியர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். “இங்கிலீஷ் பேஸ் இல்லாம அட்வான்ஸ்டு ஜெர்மன் எப்படி மேடம் முடியும்?”

“ஜெர்மன்காரன் பிள்ள இங்கிலீஷ் படிச்சிட்டா ஜெர்மன் பேசுது?” என்றேன்.

டாக்டர் பெண் சிரித்துவிட்டாள். ஆசிரியர் அன்றிலிருந்து பாதி தமிழில் நடத்தினார்.

எனக்கு எல்லாம் சுலபமாக வந்துவிடவில்லை. தமிழ் மூளை ஒரு வினைச்சொல்லைக் கடைசிவரை கைக்குள் பொத்தி வைத்திருக்கும். ஜெர்மனிலோ சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். நான் நேற்று அம்மாவோடு டவுனுக்கு என்று சொல்லிக்கொண்டே போவேன். ஆசிரியர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார், ரெண்டாம் இடம் என்று. நான் விழித்துக்கொண்டு வினையை எடுத்து முன்னால் செருகுவேன். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். மாடிப்படி இறங்கும்போதும் அந்த இரண்டு விரல் கண்ணுக்குள் நிற்கும். கீழே கடைக்காரர் கண்ணில் படுகிற மாதிரி நான் வாய்க்குள் முனகிக்கொண்டே போவேன். அவரும் யாரிடமாவது ஒரு ‘ஆம்’ போட்டுச் சொல்லியிருப்பார்.

வாசிப்பு வேறு மாதிரி, நீள வாக்கியங்களுக்குள் ஜெர்மனும் வினையைக் கடைசிக்குத் தள்ளிவிடும். சனிக்கிழமைகளில் ஆழ்வார்குறிச்சிக்குச் செங்கோட்டை ரயிலில் போவேன். பெரியம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை விரிப்பேன். சேரன்மகாதேவியில் ஒரு வாக்கியம் தொடங்கும். அதன் வினைச்சொல் கல்லிடைக்குறிச்சியில்தான் ஏறும். நடுவில் வயல், வாய்க்கால், மறுபடி வயல். வகுப்பில் மற்றவர்கள் அந்த நீளத்தைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கோ தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் ஜெர்மானியப் பேராசிரியர்களுக்கு நம் பெயரெச்சம் ரொம்பப் பிடிக்கும். ‘நேற்று அம்மா போட்ட தேநீர்’ என்று நாம் சொல்வதை, அவர்களும் எழுதும்போது ‘நேற்று அம்மாவால் போடப்பட்ட தேநீர்’ என்று பெயருக்கு முன்னாலேயே அடுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் அந்த அடுக்கைத் தலைகீழாகப் பிரித்துப் பின்னாலிருந்து கோக்கவேண்டும். நான் நேராக வாசித்துக்கொண்டு போனேன். வகுப்பில் ஒருநாள், பாதிப் பக்கம் நீண்ட ஒரு வாக்கியத்தை இன்ஜினியர்கள் பென்சிலால் கோடு போட்டுக் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“எப்படி மேடம்?” என்றார் அதே இன்ஜினியர்.

“இங்கிலீஷ் பேஸ் இல்லாததனால” என்றேன். அவர் பாவம், சிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தேநீர் வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்குவார்.

பிறகு அந்த நாள் வந்தது. பாடம்: பிறர் சொன்னதை எழுதுவது. ஆய்வுக் கட்டுரையிலும் செய்தித்தாளிலும் இன்னொருவர் சொன்னதை எழுதும்போது ஜெர்மனில் வினைச்சொல்லின் முகமே மாறுகிறது. ‘அவள் படிக்கிறாள்’ என்பதற்கு ‘லெர்ன்ட்’. அவள் படிப்பதாக யாரோ சொன்னதை எழுதினால் ‘லெர்ன’. கடைசி எழுத்தில்தான் எல்லாம். ‘இருக்கிறான்’ என்பதற்கு ‘இஸ்ட்’, பிறர் வாய்ச் சொல்லாக இருந்தால் ‘ஸை’. ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மொழியில் இதற்கு நேரான வடிவம் கிடையாது என்பதால் சுற்றிச் சுற்றி வந்தார். நிபந்தனையா, விருப்பமா, நடக்காததா என்று ஆளுக்கொரு கேள்வி. பலகை நிறைந்துபோனது. டாக்டர் பெண் பேனாவை மூடிவிட்டாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிகையில்லை, உண்மையாகவே சிலிர்த்தது.

“தம்பி, இது ‘ஆம்’லா?” என்றேன்.

“என்ன ஆம்க்கா?”

“படிக்கா, லெர்ன்ட். படிக்காளாம், லெர்ன. இருக்கான், இஸ்ட். இருக்கானாம், ஸை.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.  “அஞ்சு வருசம் அங்கன கெடந்தேன்க்கா. இதுக்காக ரெண்டு தடவ பரீச்சையில கோட்ட விட்டேன். இது எங்க அம்ம தெனமும் கடக்கரையில பேசுறதுலா. ஒருத்தனும் சொல்லலியே எனக்கு.” அழித்துவிட்டு, பலகை முழுக்கத் தமிழில் எழுதினார். வள்ளம் கரைக்கு வந்துட்டாம். சீலா மீன் பட்டிருக்காம். வகுப்பு பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் சறுக்கினேன். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

பேச்சுப் பயிற்சியில் நான் வாயைத் திறந்தால் எல்லாமே ‘ஸை’யாக வந்தது. டவுனில் கூட்டமாம், ஆட்டோக்காரர் சொன்னார். பால் விலை ஏறுமாம். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்காம். எல்லாவற்றையும் அழகாக அந்த வடிவத்தில் சொன்னேன். இலக்கணத்தில் ஒரு பிசிறு கிடையாது. ஆசிரியர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

“யக்கா, அங்கன இப்படி யாரும் பேசமாட்டாங்க. இது எழுத்துக்கும் நியூஸுக்கும் உள்ளது. பூனை குட்டி போட்டதுக்கெல்லாம் இப்படிப் பேசுனா, டிவிப் பெட்டிக்குள்ள இருந்து ஆள் எறங்கி வந்த மாதிரி இருக்கும். சும்மா ‘போட்டிருக்கு’ன்னு சொல்லுங்க.”

“நான் பாக்கலியே.”

“பாக்கலன்னா என்ன?”

“பாக்காம எப்படித் தம்பி ‘போட்டிருக்கு’ன்னு சொல்லுறது? அது பொய்லா?”

“அங்கன எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுவாங்க.”

“அப்ப எல்லாரும் பொய் சொல்லுதாங்க” என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்ல என் நாக்கு மறுத்தது. அந்த வாலை வெட்டிக்கொண்டு பேசுவது சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தேர்வில் மார்க் போகும் என்று பயம்காட்டினார். பைய மாத்திக்கிடுதேன் என்றேன். மாற்றிக்கொள்ளவில்லை.

சென்னையில் தேர்வு. வாசிப்பிலும் எழுத்திலும் நல்ல மதிப்பெண். பேச்சில் கரையேறினேன், அவ்வளவே. என்னோடு ஜோடி சேர்ந்து பேசிய கோயம்புத்தூர்ப் பையன் நான் ஏன் செய்தி வாசிக்கிறேன் என்று புரியாமல் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் தேறிவிட்டேன். கல்லூரியில், “பாஸாமே?” என்றார் துறைத்தலைவர். சான்றிதழைக் காட்டிய பிறகும் ‘ஆமே’. அம்மா பெரியம்மாவிடம், “பாஸ் பண்ணிட்டாளாம்க்கா” என்றாள். சான்றிதழை அவள்தான் சாமி அலமாரியில் வைத்தாள். வைத்த கையோடு ‘ஆம்’.

“ஏம்மா, நீதான பாத்த? பெறகும் ஏன் ‘ஆம்’ போடுத?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னட்டீ தெரியும் அது? ஏதோ பேப்பரு” என்றாள்.

விண்ணப்பம் போனது. கொஞ்ச நாளில் பதில் வந்தது. காணொளியில் நேர்காணல். முதலில் என் ஆய்வைப் பற்றி நான் பேசவேண்டும், பிறகு கேள்விகள். வசதிப்பட்டால் ஆங்கிலத்திலும் பேசலாம் என்று கடைசி வரியில் இருந்தது. நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார்கள். ஜெர்மனில் பேசுகிறேன் என்று ஜெர்மனில் பதில் போட்டேன். துறைத்தலைவர் கேள்விப்பட்டு, “வாய்க்குள்ள வந்தத தட்டிவிட்டுட்டு நிக்கியேம்மா” என்றார்.

அன்று மதியம் அம்மா மிக்சியைத் தொடவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளை மிரட்டி மாடிக்கு அனுப்பினாள். காஸ் சிலிண்டர்காரர் வந்தால் சத்தம் போடாமல் இறக்கச் சொல்லி வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு என் அறைக் கதவோரம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள். கீரை உருவினால் சத்தம் வராது. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

திரையில் மூன்று பேர். நடுவில் கட்டுரை எழுதிய பேராசிரியை. நரைத்த தலைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். வணக்கம் என்றார், தமிழில். நான் ஜெர்மனில் திருப்பிச் சொன்னேன். அதிலேயே எனக்கு ஒரு திமிர் ஏறிவிட்டது.

பேசினேன். சித்தப்பா அழுதுகொண்டே சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். உங்கள் கட்டுரை இதைச் சந்தேகம் என்கிறது, நான் அதை ஏற்கவில்லை என்றேன். ஒரு பேராசிரியையின் முகத்துக்கு நேராக, அவர் மொழியில், ‘நான் ஏற்கவில்லை’ என்று சொல்லும்போது வினை சரியாக இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தது. ‘ஆம்’ சொல்கிறவர் விஷயத்தைச் சந்தேகிக்கவில்லை, நான் சாட்சியில்லை என்று மட்டுமே சொல்கிறார் என்றேன். நீங்களே எழுதும்போது, மற்ற ஆய்வாளர்கள் சொன்னதையெல்லாம் ‘ஸை’ போட்டுத்தான் எழுதுகிறீர்கள், அவர்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டேன். ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சூடாகிவிட்டது. கூடுதலாக ஒன்றைச் சேர்த்தேன். என் அம்மா எல்லோரிடமும் ‘மகள் ஜெர்மன் படிக்காளாம்’ என்றுதான் சொல்கிறாள், நான் படிக்கும்போது தேநீர் போட்டுத் தருகிறவளே அவள்தான், அவளுக்கு என்ன சந்தேகம் இருக்கமுடியும் என்றேன்.

பேராசிரியை முன்னால் சாய்ந்தார். நிதானமாகத்தான் கேட்டார். அப்படியென்றால் உங்கள் விளக்கமும் இடிக்கிறதே. கண்ணால் காணாததற்குத்தான் ‘ஆம்’ என்கிறீர்கள். உங்கள் அம்மா தினமும் உங்களைக் காண்கிறார். பிறகு ஏன் சொல்கிறார்?

மாட்டிக்கொண்டேன். என் எடுத்துக்காட்டே என் கழுத்தைப் பிடித்தது. மூன்று வருஷம் முட்டி மோதி வந்த இடம், இந்த ஒரு கேள்வியில் போய்விடும் போலிருந்தது.  இதற்குப் பதில் வேண்டும் என்பதைவிட, இது எனக்கே தெரியவேண்டும் என்று தோன்றியது. ஏன் சொன்னாள்? அத்தனை நாளும் ஏன் அப்படிச் சொன்னாள்?

பக்கவாட்டில் திரும்பினேன். அம்மா கீரை உருவுவதை நிறுத்தியிருந்தாள். மடியில் கட்டு அப்படியே கிடக்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நான் அவளுக்குப் புது ஆளாகத் தெரிந்தேன்.

அப்போது புரிந்தது. திரும்பிச் சொன்னேன். “நான் புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பது படிப்பது ஆகாது. நான் இந்த மொழியில் யாரிடமாவது பேசி, அந்த ஆள் அதைப் புரிந்துகொண்டு பதில் சொன்னதை அவள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. இன்றுவரை அவள் அதற்குச் சாட்சி இல்லை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.”

ஜெர்மனில் அவை சின்னச் சின்ன வாக்கியங்கள். எல்லாமே நான் கண்ணால் கண்டவை, அதனால் ஒன்றில்கூட ‘ஸை’ வரவில்லை. பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அம்மா அவசரமாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கீரைக்கையோடு திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இடம் கிடைத்தது. அந்தச் செய்தி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போனது. துறைத்தலைவர், “கிடைச்சிருக்காமே?” என்று கேட்டார். “ஆமே இல்ல சார், கிடைச்சிருக்கு” என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். விசா, குளிர் உடுப்பு, பெரியம்மாவின் மாத்திரைக்கு மாற்று ஏற்பாடு என்று எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. அவற்றை எழுதத் தோன்றவில்லை. எழுதத் தோன்றுவது அந்த நேர்காணல் முடிந்த சாயங்காலம்தான். அப்போது எதுவுமே தெரியாது. கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று நான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன்.

பெரியம்மா போன் செய்தாள். அம்மா எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாள். இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

“என்னட்டீ, இன்னைக்கு என்னமோ பேசுனாளாமே? கிடைச்சிருமாமா?”

“கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியாதுக்கா.”

“பின்ன?”

“பேசுனா. நான் பாத்தேன்.”